பர்கோமாஸ்டரின் வாழ்க்கை, தினம் ஒரு பக்கம்

அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில் ரோட்டன்ஃபெல்ஸ் இன்ஷூரன்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. அதில் வேலைக்குச் சேர்கிறவர் யாராக இருந்தாலும், செத்து முந்நூறு வருஷமான ஒரு ஜெர்மானியரிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் டாக்டர் ஹைன்ரிக் பல்தசார் குரோம்ப். ரோட்டன்ஃபெல்ஸ் என்ற ஊரில் வக்கீலாக இருந்து, பிறகு நகரத் தலைவராகி, அதாவது பர்கோமாஸ்டராகி, பதினேழு வருஷம் ஊரைக் கட்டி மேய்த்தவர். அவருடைய வம்சத்தில் யாரோ ஒருவர் பின்னாளில் நியூ ஜெர்சிக்குக் கப்பலேறி வந்து இன்ஷூரன்ஸ் விற்க ஆரம்பித்தார். கம்பெனி வாசலில் பர்கோமாஸ்டரின் ஆளுயரப் படம் மாட்டியிருந்தது. கறுப்பு அங்கி, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி மடிப்பு, கையில் காகிதச் சுருள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து, உன்னைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்கிற முகம்.

நெடுஞ்செழியனுக்கு அந்த முகத்தைக் கண்டால் பயம். அவனுக்கு எதைக் கண்டாலும் பயம்தான், அது வேறு விஷயம். கரூர்க்காரன், முப்பத்திரண்டு வயது. இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களெல்லாம் நின்றுவிடும் என்று பீதி கிளம்பியதே, அதைத் தடுப்பதற்காக அமெரிக்காவுக்குக் கூட்டிவரப்பட்ட, கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழி தெரிந்த புரோகிராமர்களில் ஒருவன். வருஷம் பிறந்தது, ஒன்றும் நிற்கவில்லை. அன்றிலிருந்து தன்னை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கே விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளக் கேட்டால் அவர்களுக்கும் ஞாபகம் வந்துவிடுமே என்று பேசாமல் இருந்தான்.

2001 பிப்ரவரியில் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பர்கோமாஸ்டரின் வாழ்க்கை வரலாறு நாற்பத்தோரு பக்கம். தினம் ஒரு பக்கமாக அதைக் கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் ஏற்ற வேண்டும். காலையில் யார் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அன்றைய பக்கம்தான் முதலில் வரும். கீழே ஒரு பொத்தான்: 'படித்தேன், ஊக்கம் பெற்றேன்.' அதை அழுத்தினால்தான் மற்றவை திறக்கும். ஊக்கம் பெறாதவர்களுக்கு இன்னொரு பொத்தான் வைக்கலாமா என்று ஒருதரம் யோசித்தான். யோசித்ததற்கே அவனுக்கு வியர்த்துவிட்டது.

முதல் எட்டுப் பக்கம் சாதாரண வாழ்க்கைதான். நல்ல பிள்ளை, லத்தீனில் புலி, இருபத்தாறு வயதில் சட்டத்தில் டாக்டர். ஒன்பதாம் பக்கத்தில் ஊரில் சூனியக்காரர்கள் பெருகிவிட்டார்கள். முன்பிருந்த தலைவர்கள் கண்டபடி ஆட்களைப் பிடித்துக் கண்டபடி எரித்துக்கொண்டிருந்தார்கள். குரோம்ப் படித்தவர், அவருக்கு அது பிடிக்கவில்லை. காகிதம் இல்லாமல் ஒருவரையும் எரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். பிடிபட்ட ஒவ்வொருவரும் மூன்று பேர் பெயரைச் சொல்ல வேண்டும், அந்த மூவரும் ஆளுக்கு மூன்று பேர். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள். 'அவர் காலத்தில் எந்த வழக்கிலும் ஓர் எழுத்துப்பிழைகூட இருந்ததில்லை' என்று வரலாறு பெருமைப்பட்டது. 'பர்கோமாஸ்டர் ஒருவரையும் குற்றம் சாட்டியதே இல்லை. கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.'

நெடுஞ்செழியன் கடைசிப் பக்கத்தை முன்கூட்டியே புரட்டிப் பார்த்தான். எவளாவது ஒரு கிழவி கடைசியில் குரோம்பின் பெயரையே சொல்லியிருப்பாள் என்று ஒரு நப்பாசை. அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. அறுபத்திரண்டாம் வயதில், வாத்துக்கறி சாப்பிட்டுவிட்டு, பேரப்பிள்ளைகள் சூழ, மெத்தையில் உயிரை விட்டிருந்தார். ஊரே அழுததாம். மிச்சமிருந்த ஊர்.

மார்ச்சில் வியாபாரம் படுத்தது. கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் தினம் ஒன்றாகக் கவிழ்ந்துகொண்டிருந்த நேரம், அந்தக் காற்று இங்கேயும் அடித்தது. தொள்ளாயிரம் பேரில் முந்நூறு பேர் போக வேண்டும். பணியாளர் பிரிவின் தலைவி மார்ஜரி ஸ்டாட்லர் கஃபேட்டீரியாவில் எல்லோரையும் கூட்டினாள். எந்நேரமும் புன்னகைக்கிற பெண்மணி. அவள் புன்னகைக்காத தருணத்தைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது வேலையில் இல்லை.

"இந்தக் கம்பெனி இதுவரை ஒருவரைக்கூட வேலையிலிருந்து நீக்கியதில்லை, இனியும் நீக்காது" என்று அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும் கைதட்டல் எழுந்தது. "நீக்குவது கொடூரம். நீக்கியவர்கள் மீது வழக்குப் போடலாம், அதனால் அது முட்டாள்தனமும்கூட. நம் முன்னோர் நமக்கொரு வழி காட்டியிருக்கிறார். உங்களுக்கெல்லாம் ஒரு கிளாரிட்டி ஃபார்ம் வரும். யாருடைய உழைப்பில் வெளிச்சம் குறைந்திருக்கிறதோ அவர்களில் மூன்று பேர் பெயரை எழுதுங்கள். கட்டாயம் இல்லை. எழுதாதவர்கள் ஏன் எழுதவில்லை என்பதை மட்டும் நாங்கள் அன்போடு விசாரிப்போம். நினைவிருக்கட்டும், முடிவு எங்களுடையது அல்ல, உங்களுடையது. எங்கள் கைகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் மிகவும் கவனமாக இருக்கிறோம்."

கிளாரிட்டி ஃபார்ம்கள், அதாவது தெளிவுப் படிவங்கள், வந்தன. பெயர் எழுதப்பட்டவர் மூன்றாம் மாடிக்கு அழைக்கப்படுவார், அவரிடம் மூன்று பெயர் கேட்பார்கள், பிறகு கையில் ஓர் அட்டைப் பெட்டி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முதல் வாரத்தில் சூப் சரியில்லை என்று சமையல்காரரை நாற்பது பேர் எழுதினார்கள். சமையல்காரர் போனார், கஃபேட்டீரியாவில் இருந்த சூப்பும் போனது. அக்கவுண்ட்ஸில் பதினொரு பேர், யாருக்கும் கெடுதல் வேண்டாமென்று, நாலு வருஷத்துக்கு முன்பே இறந்துபோன ஒருவரின் பெயரை எழுதினார்கள். அவர் வீட்டுக்கு முறைப்படி கடிதம் போனது. அவருடைய மனைவி மறுதபாலில் மூன்று பெயர்களை எழுதி அனுப்பினாள். மூவரும் போனார்கள். ரிசப்ஷனில் ஒரு பெண்ணை யாருமே எழுதவில்லை. நல்ல பெண் என்று பெயர். இத்தனை பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தர்கூடப் பெயர் சொல்லவில்லையென்றால் அவள் எதையோ மறைக்கிறாள் என்று அவளையும் அழைத்தார்கள். அதற்கு முன்னுதாரணம் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. நெடுஞ்செழியன்தான் அதை ஏற்றியிருந்தான்.

வீடு இருந்த எடிசனிலிருந்து பார்சிப்பனிக்கு அவன் தனியாக வருகிறவன் இல்லை. சேனாபதியின் பழைய கேம்ரியில் நாலு பேர் சேர்ந்து வருவார்கள். சேனாபதி ஈரோட்டுக்காரர், நாற்பத்தைந்து வயது, நாலு பேரில் மூத்தவர், கார் அவருடையது என்பதால் பாட்டும் அவருடையது. முன் சீட்டில் மாம்பலத்து மகாதேவன், பேசாமல் இருந்தால் உடம்புக்கு ஆகாது. பின் சீட்டில் நெடுஞ்செழியனோடு உடுமலைப்பேட்டைத் திருமூர்த்தி, ஏறியதும் தூங்கி இறங்கும்போது விழிப்பவன். நாலு பேருக்கும் எச்-ஒன் விசா. வேலை போனால் மறுநாளே ஸ்டேட்டஸ், அதாவது நாட்டில் தங்குகிற உரிமை, போய்விடும் என்றார் ஒருவர், பத்து நாள் தருவார்கள் என்றார் இன்னொருவர். இரண்டில் எது சரி என்று விசாரிக்க நாலு பேருக்கும் தைரியம் இல்லை.

கிளாரிட்டி ஃபார்மோடு வீட்டுக்குப் போன அன்று நெடுஞ்செழியனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனைவி எழிலரசிக்கு ஏழாம் மாசம். கால் வீங்கியிருந்தது, சோபாவில் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தாள்.

"ஏங்க, இப்ப வேலை போச்சுன்னா ஹாஸ்பிட்டல் இன்ஷூரன்ஸ் என்னாகுங்க?"

"போகும்."

"டெலிவரிக்கு?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். ஆறு வயது மகள் ஓவியா தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். "ஆர் வீ மூவிங்?" என்று தலை நிமிராமல் கேட்டாள்.

"இல்ல கண்ணு" என்றாள் எழிலரசி. பிறகு அவனைப் பார்த்து, குரலைத் தணித்துச் சொன்னாள். "யாராச்சும் மூணு பேர எழுதிக் குடுத்துட்டு வாங்க. உங்க ஆளுக வேண்டாம். வேற யாராச்சும்."

வேறு யார் என்பதுதான் சிக்கல். அவனுக்குக் கம்பெனியில் பெயர் தெரிந்தவர்களே மொத்தம் ஏழு பேர். அதில் நாலு பேர் ஏற்கெனவே பெட்டியோடு போய்விட்டார்கள்.

இதே சிக்கல் நாலு பேருக்கும் இருந்தது என்பது வியாழக்கிழமை காரில் தெரிந்தது. யாரும் யாரையும் பார்க்காமல் ஜன்னல் வழியே இருநூற்று எண்பத்தேழாம் ஃப்ரீவேயைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். திருமூர்த்திகூடத் தூங்கவில்லை. சேனாபதி பாட்டை நிறுத்தினார்.

"நேராவே கேக்கறேன்" என்றார். "இந்த காருக்குள்ள யாராச்சும் யார் பேரையாச்சும் எழுதிட்டீங்களா?"

"சேச்சே" என்றார்கள் மூவரும் ஒரே குரலில். ஒரே குரலில் வந்ததாலேயே யாருக்கும் நம்பிக்கை வரவில்லை.

"வாய் வார்த்தை வேண்டாம்பா" என்றான் மகாதேவன். "எனக்கு என்மேலயே நம்பிக்க இல்ல. நைட்டு முழுக்க உங்க மூணு பேர் பேர்தான் மண்டைல ஓடுது. அட்டிஷனல் ஷீட் வாங்கி எழுதுற அளவுக்கு பாயின்ட்ஸ் இருக்கு என்கிட்ட."

"அப்ப சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிருவோம்" என்றார் சேனாபதி.

சூடம் அவரிடம் எப்போதும் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் காருக்குச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் கிளப்புவார். அந்த வெள்ளிக்கிழமை எடிசனில் மழை, அதனால் பார்சிப்பனிக்கு வந்தபிறகு காட்டுவது என்று முடிவானது. காலை ஏழரை மணி, கம்பெனி பார்க்கிங் லாட்டின் கடைசி மூலை. தட்டு இல்லாததால் ஒரு சக்கரத்தின் மூடியைக் கழற்றித் தரையில் வைத்தார். அதில் சூடத்தைக் கொளுத்தினார். யாரையும் எழுதுவதில்லை, என்ன ஆனாலும் சரி என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தார். மறுபடி கொளுத்த, மகாதேவன் அணைத்தான். மறுபடி கொளுத்த, திருமூர்த்தி. கடைசியாக நெடுஞ்செழியன். அவனுக்கு இரண்டாவது முயற்சியில்தான் அணைந்தது. ஆனால் கையை எடுத்தபோது அவனுக்கு ஒரு மாதத்தில் முதல்தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. நாலு பேரும் அசட்டுச் சிரிப்போடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றி நிறுத்திவிட்டு உள்ளே போனார்கள்.

பார்க்கிங் லாட்டின் கடைசி மூலையிலும் கேமரா உண்டு என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இவர்கள் நாலு பேரும்தான் அதை யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நாலு பேரையும் மூன்றாம் மாடிக்கு அழைத்தார்கள், தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். நெடுஞ்செழியனின் அறைக்கு முதலில் வந்தது கம்பெனி நர்ஸ். அவன் வலது உள்ளங்கையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். "தீக்காயம் இல்லை" என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

"இல்லாதது நல்லதுதானே?" என்று கேட்டான்.

"அதை நான் சொல்ல முடியாது" என்றாள் நர்ஸ். அவளுக்கு அவனைத் தொட்ட கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, துடைத்துக்கொண்டாள்.

நெடுஞ்செழியனுக்குப் பத்தொன்பதாம் பக்கம் ஞாபகம் வந்தது. நெருப்பைத் தொட்ட கை வெந்தால் குற்றம். வேகாவிட்டால் இன்னும் பெரிய குற்றம். அந்தப் பக்கத்துக்கு அவன்தான் ஒரு சின்ன நெருப்புப் படம் தேடிப்பிடித்துப் போட்டிருந்தான், அழகாக இருக்கட்டும் என்று.

இரண்டு மணி நேரம் கழித்து மார்ஜரி ஸ்டாட்லர் புன்னகையோடு வந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரும், அழுதால் துடைத்துக்கொள்ள ஒரு பெட்டி டிஷ்யூவும் அவன் முன்னால் வைத்தாள். கம்பெனியில் அவனை நெட் என்று கூப்பிடுவார்கள். முழுப் பெயரைச் சொல்ல முயன்ற ஒரே அமெரிக்கர் சமையல்காரர்தான்.

"உங்களுக்கு எதிராக எங்களிடம் ஒன்றும் இல்லை, நெட். நெருப்பு மட்டும்தான்" என்றாள். "நாலு ஆண்கள், வட்டமாக நின்று, நாலு முறை தீ மூட்டி, நாலு முறை கையால் அணைக்கிறார்கள். ஏதோ முணுமுணுக்கிறார்கள். ஒரு பழத்தைக் கொல்கிறார்கள். நாங்கள் எல்லாப் பண்பாடுகளையும் மதிக்கிறோம், அதற்கென்று ஒரு கமிட்டியே இருக்கிறது. இது என்ன பண்பாடு?"

"சத்தியம் செய்வது, மேடம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவோம் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பது."

"ஒருவருக்கொருவர். கம்பெனிக்கு அல்ல."

"கம்பெனிக்கும்தான்" என்று அவசரமாகச் சொன்னான்.

"என்ன வாக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். கார் நன்றாக ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பார்கள். ஆனால் பயந்தவனுக்குப் பொய் வருவதில்லை, உண்மைதான் முதலில் வாயில் வந்து விழுகிறது. "யார் பெயரையும் எழுதுவதில்லை என்று" என்றான்.

மார்ஜரி அதை எழுதிக்கொண்டாள். மூன்று பிரதி வருகிற தாள். "உங்கள் நேர்மை என்னை நெகிழ வைக்கிறது" என்றாள். "அதனால் நானும் நேர்மையாக இருக்கிறேன். மற்ற மூன்று பேரும் பேசி முடித்துவிட்டார்கள். நெருப்பு உங்கள் யோசனை என்கிறார்கள். மூவருமே உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். பாவம், நீங்கள் ஒருவர்தான் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்."

இருபத்தேழாம் பக்கம். 'கைதிகளைத் தனித்தனியே வைத்து, மற்றவர்கள் உன்னைச் சொல்லிவிட்டார்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வது பர்கோமாஸ்டரின் வழக்கம். இதனால் நேரம் மிச்சமாயிற்று.' அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டவன் நெடுஞ்செழியன். இது பொய் என்று அவனுக்குத் தெரியும். அமெரிக்காவிலேயே இது பொய் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் இருக்க முடியாது. அப்படித் தெரிந்தும், ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால் என்று ஒரு எண்ணம் ஓடியது. மகாதேவன் அட்டிஷனல் ஷீட் பற்றிப் பேசினானே. திருமூர்த்தி காரில் நிஜமாகவே தூங்குகிறானா, தூங்குவது போல் கேட்டுக்கொண்டு வருகிறானா? சேனாபதிக்குக் காலேஜ் போகிற பெண் இருக்கிறாள், அவர் ஏன் எழுத மாட்டார்? எழிலரசியின் வீங்கிய கால் கண்முன் வந்தது.

"எழுதினால்?" என்றான்.

"எழுதியவர்கள் நம் குடும்பம்" என்றாள் மார்ஜரி, பேனாவின் மூடியைத் திறந்து நீட்டியபடி.

எழுதினான். சேனாபதி, மகாதேவன், திருமூர்த்தி. கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்தது.

மார்ஜரி எழுந்து அவன் கையைக் குலுக்கினாள். அன்று காலையிலிருந்து அவனைத் தொட்டுவிட்டுக் கை துடைக்காத முதல் ஆள் அவள்தான். "கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை உங்களுடையதுதானே? இதையும் நீங்களே ஏற்றிவிடுங்கள்" என்று ஒரு ஃபைலைக் கொடுத்தாள். "எண்டர் தட்டினால் அவர்களுக்கான கடிதம் தானாக அச்சாகிவிடும். மிகவும் வசதி. ஒன்று சொல்ல வேண்டும், நெட். நீங்கள் எழுதும்வரை இந்த நாலு பேர் விஷயத்தில் எங்களிடம் ஒரு பெயர்கூட இல்லை. மிகவும் கஷ்டப்பட்டுப்போனோம்."

தன் இடத்துக்கு வந்து ஃபைலைத் திறந்தான். உள்ளே மூன்று ஃபார்ம்கள். சேனாபதி மூன்று கோட்டுக்கும் குறுக்காக 'யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். திருமூர்த்தி மூன்று கோட்டிலும் தன் பெயரையே எழுதியிருந்தான். மகாதேவன் நிஜமாகவே அட்டிஷனல் ஷீட் வாங்கியிருந்தான். இரண்டு பக்கம். தனக்கு என்னென்ன வேலை சரியாக வராது, எதையெல்லாம் நெடுஞ்செழியன் சொல்லிக்கொடுத்துச் சமாளித்தான் என்று வரிசையாக எழுதி, போக வேண்டிய ஆள் தான் ஒருவன்தான் என்று முடித்திருந்தான். பின்னிரண்டு ஃபார்ம்களின் மேலும் ஒரு சிவப்பு முத்திரை: 'செல்லாது. தன் பெயரைத் தானே சொல்வது அடக்கம், தெளிவு அல்ல.' அதுவும் பர்கோமாஸ்டரின் வாக்குதான், முப்பத்தோராம் பக்கம்.

நெடுஞ்செழியன் அந்தத் தாள்களை மறுபடி ஒருமுறை படித்தான். மார்ஜரியிடம் ஓடிப்போய்ப் பெயர்களை அடித்துவிடச் சொல்லலாம். மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். அழலாம். இப்படி ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றினான். ஓர் எழுத்துப்பிழையும் இல்லாமல் சரிபார்த்தான். மூன்று முறை எண்டர் தட்டினான். மூலையிலிருந்த பிரின்டர் ஓடத் தொடங்கியது.

ஐந்து மணிக்கு எல்லோரும் போனபிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. அவர்கள் மூவரும் போயிருப்பார்கள் என்று நினைத்து ஐந்தே முக்காலுக்கு வெளியே வந்தான். ரயிலுக்கு எப்படிப் போவது, யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தவன் வாசலில் நின்றுவிட்டான். கேம்ரி நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

மகாதேவன் கண்ணாடியை இறக்கினான். "எவ்ளோ நேரம்டா! உன் கைல பொட்டி எங்க? உன்ன விட்டுட்டானுங்களா?"

நெடுஞ்செழியன் தலையாட்டினான்.

"அப்பாடா" என்றான் மகாதேவன். "டேய் மூர்த்தி, இவன் தப்பிச்சுட்டான்டா!"

"உங்கள விட்டுட்டுக் கெளம்பிருங்கன்னுதான் சொன்னானுங்க செக்யூரிட்டில" என்றார் சேனாபதி. "ஏழு மாசப் புள்ளத்தாச்சி வீட்ல இருக்கு, இவரு எப்படி வந்து சேருவாருன்னு நாந்தான் நிறுத்துனேன். ஏறுங்க நெடு. எவனோ எங்க பேர எழுதிட்டான், போகட்டும். நாம பண்ணுன சத்தியம் உங்களையாச்சும் காப்பாத்துச்சே."

பின் கதவைத் திறந்து ஏறினான். கால் வைக்க இடமில்லை. டிக்கியில் இரண்டு அட்டைப் பெட்டிதான் கொண்டதாம், மூன்றாவதைத் திருமூர்த்தி மடியில் வைத்திருந்தான். முகம் வெளுத்து, கண் செருகிக்கொண்டு வந்தது அவனுக்கு.

"நெடு, கொஞ்ச நேரம் இத வெச்சுக்கிறயா? காலைலருந்து தல சுத்துது. தூங்கினா சரியாயிடும்."

நெடுஞ்செழியன் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கார் ஃப்ரீவேயில் ஏறுவதற்குள் திருமூர்த்தி அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். எடிசனுக்கு நாற்பது நிமிஷம். தோளை அசைத்தால் விழித்துவிடுவானோ என்ற பயத்தில் நெடுஞ்செழியன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.